மஞ்சள் நாடாவுக்கு வெளியே

அன்புள்ள மச்சாள்,

போன சனிக்கிழமை பேத்தியின் கூடைப்பந்தாட்டம் பார்க்கக் கல்லூரிக்குப் போனேன். மண்டபத்துக்குள் கால் வைத்ததும் ஒட்டு நாடாவின் பசை மணம் மூக்கில் ஏறியது. தரையில் வழமையாக இருக்கிற வளைந்த கோட்டுக்கு வெளியே, புதிதாக ஒரு மஞ்சள் நாடா ஒட்டியிருந்தார்கள். இந்த வருஷம் கோட்டைத் தள்ளி வைத்துப் பார்க்கிறார்களாம், சரிவந்தால் வைத்திருப்பார்களாம் என்று பேத்தி பாதித் தமிழிலும் பாதிப் பிரெஞ்சிலும் விளங்கப்படுத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மனுசி திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு உம்மைத் தெரியாதே.

எண்பதுகளில், நீர் பாரிசுக்கு வந்த புதிது. லா சப்பலில் ஒற்றை அறை. அதற்குள் நான், என்ரை மனுசன், அதுதான் உம்முடைய அண்ணை, கைக்குழந்தையாக என் மகள், பிறகு நீர். யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து அணியில் கோல் போடுகிற ஆள் நீர். இங்கே பிரெஞ்சு படிக்கச் சென் தெனியில் ஒரு கல்லூரிக்குப் போனீர். அங்கே வலைப்பந்து என்றால் யாருக்கும் தெரியாது, இருந்தது கூடைப்பந்து. "வளையம் வளையந்தானே மச்சாள், மிச்சத்தைப் பாத்துக்கொள்ளுவம்" என்றீர்.

பெண்கள் அணிக்கு ஆள் எடுக்க ஒரு மத்தியானம் சோதனை ஆட்டம் வைத்தார்கள். அதற்கு முதல் வாரம் முழுக்க உமக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏனென்று எனக்குத் தெரியும். அப்போது இந்த நாட்டில் இருக்க எங்களுக்குத் தந்த பேப்பர் எல்லாம் தற்காலிகம். மாதக்கணக்கில் கெடு வைத்துத் தருவார்கள், முடிந்ததும் ப்ரெபெக்தூர் என்கிற அரசாங்க அலுவலகத்தில் போய் வரிசையில் நிற்க வேண்டும். அங்கே பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், நம்பர்தான். நீர் ஒருநாள் சொன்னீர்: "முதுகிலை நம்பர் போட்டாலும் காரியமில்லை மச்சாள். அது நான் ஓடி வாங்கின நம்பரா இருக்கும்."

நான் தோடம்பழம் வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு, குழந்தையையும் தூக்கிக்கொண்டு மெத்ரோவும் பஸ்ஸும் ஏறி வந்தேன். வலைப்பந்து என்றால் இடைவேளைக்குத் தோடம்பழம் வேண்டும் என்று நீர்தானே சொன்னது.

அந்த வருஷந்தான் அவர்களும் ஒரு புது விதியைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். வளையத்துக்குத் தூரத்தில் அரைவட்டமாக மஞ்சள் நாடா. அதற்கு வெளியே நின்று போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி. பிடிக்காவிட்டால் நாடாவை உரித்துவிட்டுப் பழையபடி விளையாடுவார்கள். எங்களைப் போல அந்தக் கோடும் தற்காலிகந்தான். பயிற்றுவிக்கிற மனுசி இதையெல்லாம் வேகமாகப் பிரெஞ்சில் சொல்ல, நீர் "வுய், வுய்" என்று தலையை ஆட்டினீர். பிறகு என்னட்டை வந்து, "எங்கடை அரைவட்டந்தான் மச்சாள், கொஞ்சம் பெரிசாக் கீறியிருக்கினம்" என்றீர்.

வலைப்பந்திலும் ஒரு அரைவட்டம் உண்டு. அதற்குள் நின்று போட்டால்தான் கோல். வெளியே நின்று போடுவது பிழை, பந்தை மற்றப் பக்கத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். உமக்குத் தெரிந்த சட்டம் அதுதான்.

ஆகவே பந்து கிடைத்த ஒவ்வொரு முறையும் நாடாவைத் தாண்டி உள்ளே ஓடினீர். உள்ளே நின்றவர்கள் பனைமரம் மாதிரிப் பெண்கள். நீர் எறிய எறியத் தட்டிவிட்டார்கள். வலைப்பந்தில் எட்ட நின்றுதானே மறிப்பார்கள், இவர்கள் மூக்கோடு மூக்காக நின்றார்கள். பயிற்றுவிக்கிறவள் உதட்டைப் பிதுக்கினாள்.

ஒரு முறை பந்து உம்மிடம் வந்தபோது நாடாவுக்கு வெளியே நின்றீர். உள்ளே போக வழியில்லை, நேரமும் முடிகிறது. எல்லாரும் எறி எறி என்று கத்தினார்கள். நீர் கால் இரண்டையும் ஊன்றி, முழங்காலை மடித்து, ஒற்றைக் கையால் எறிந்தீர். பந்து வலைக்குள்ளால் விழுந்தது. நடுவர் இரண்டு கையையும் தூக்கி மூன்று மூன்று விரலைக் காட்டினார்.

நீர் செய்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு. பந்தை எடுத்தீர். மரியாதையாக நடுவர் கையில் கொடுத்தீர். நேரே வந்து எனக்குப் பக்கத்தில் இருந்து அழத் தொடங்கினீர்.

"மூண்டு பிழையாம் மச்சாள். என்னை வெளியிலை விட்டிட்டினம். வாங்கோ வீட்டை போவம்."

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் பலகையில் நம்பர் ஏறினால் எனக்குத் தெரியாதா?

"மூண்டு ஏறியிருக்கு, பாரும்."

"அது மற்றப் பக்கத்துக்கு."

"உம்மடை சட்டை நிறத்துக்குக் கீழையெல்லோ ஏறியிருக்கு. மற்றப் பக்கம் உம்மடை நிறச் சட்டையோ போட்டிருக்கு?"

நீர் கண்ணைத் துடைத்துவிட்டுப் பலகையைப் பார்த்தீர். அதற்குள் பயிற்றுவிக்கிறவள் ஓடிவந்து, உமக்கு முன்னால் குந்தியிருந்து, நாடாவைக் காட்டி, வெளியே என்று கையால் தள்ளித் தள்ளி விளங்கப்படுத்தினாள். நடுவில் என்னுடைய பெட்டியிலிருந்து ஒரு தோடம்பழத் துண்டை எடுத்து வாயில் போட்டாள். மிளகாய்த்தூள் அவளுக்கும் தன்னை விளங்கப்படுத்தியது. அவளுடைய கண்ணிலும் தண்ணீர். அழுதுகொண்டிருந்த நீர் முதலில் சிரித்தீர், பிறகு எழும்பி ஓடினீர்.

அதற்குப் பிறகு நீர் உள்ளே போகவேயில்லை. வெளியே நின்று எறிந்துகொண்டேயிருந்தீர். பாதிக்கு மேல் விழவில்லைத்தான், ஆனால் விழுந்தது காணும், அணியில் எடுத்துவிட்டார்கள். முதுகில் பதினொன்றாம் நம்பர் போட்ட சட்டையை அன்றிரவு தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தீர். அண்ணை, "என்ன, கூறைச் சேலையோ?" என்று பகிடி பண்ணினார்.

"முதல் எறிவம், பிறகு அழுவம்." அன்றைக்குப் பிறகு அது உம்முடைய வாய்ப்பேச்சாகிவிட்டது. வேலை கேட்டுப் போகும்போதும் அதுதான், கலியாணப் பேச்சு வந்தபோதும் அதுதான். போன மாரியில் ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டும் அதைத்தான் சொன்னீர். ஒரு கண்ணைச் சிமிட்டிச் சொன்னதால் எனக்கு அழவும் முடியவில்லை.

சனிக்கிழமை இடைவேளைக்குப் பேத்தி வேர்த்து வழிய வந்தாள். முதல் பாதியில் ஒருக்காலும் அவள் புது நாடாவுக்கு வெளியே இருந்து எறியவில்லை. தூரமாக் கிடக்கு அம்மம்மா, விழாட்டி வெட்கம் என்றாள். நான் வெட்டிக் கொண்டுபோன தோடம்பழத் துண்டொன்றை அவள் வாயில் வைத்துவிட்டு, உம்முடைய வாய்ப்பேச்சை அவளுக்குச் சொன்னேன். யார் சொன்னது என்றும் சொன்னேன்.

பிறகு எறிந்தாள், மச்சாள். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, விழுந்தது. நடுவர் கையைத் தூக்க முன்னம் நான் எழும்பி என்னுடைய இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். தோடம்பழத் தண்ணீர் முழங்கை வரைக்கும் வழிந்தது. மூன்று விரல் அவளுக்கு, மூன்று விரல் உமக்கு.