கன்னியம்மா கிணற்றில் ரோஸ் தண்ணீர்

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே வெயில். திருப்பதி பஸ் முழுக்க மொட்டைத் தலைகள், நிற்கக்கூட இடமில்லை. லேபில் சாயத் தண்ணீரை வடிகட்டக் களிமண் நிரப்பிய கண்ணாடிக் குழாய் மறுபடி அடைப்பு. களிமண் சாயத்தை நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் தானும் கரைந்து சேறாகிவிடுகிறது. பக்கத்து மேசை பத்மா எட்டிப் பார்த்து, தெலுங்கில், "மள்ளீ ஆகிப்போயிந்தா?" ஆமாம், மறுபடியும் நின்றுவிட்டது.
வாங்க வேண்டியது: சோப்பு, ஸ்டவ் திரி, தபால் கார்டு.

ஜூன் 10, செவ்வாய்
ஹாஸ்டல் வாசலில் நைனா! அப்பாவே வந்துவிட்டார். எங்கள் ஊர் குடிபாலாவிலிருந்து முதல் பஸ். சித்தப்பா பாய்க்கோரைக்குச் சாயம் போடும் கொட்டகைத் தண்ணீர், பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவின் கிணற்றில் இறங்கிவிட்டதாம். கிணறே ரோஸ் நிறம்.
"ஞாயித்துக்கிழம பஞ்சாயத்து. கொட்டாய மூடச் சொல்லுவாங்க. நீ தண்ணியப் பத்திதானே படிச்சிக்கினு கீற? எதனா பண்ணும்மா."
பயம். கொஞ்சம் பெருமையும்.

ஜூன் 11, புதன்
மேகம், மழை இல்லை. லேப் சாரிடம் கேட்டுப் பழைய விடைத்தாள் ஒரு கட்டு. ஊறவைத்து, அரைத்து, கூழாக்கி, களிமண்ணோடு பிசைந்து உருண்டை பிடித்தேன். காகித நார் மண்ணைக் கரையவிடாது, இரண்டும் சேர்ந்து சாயத்தை இழுக்கும் என்று நம்பிக்கை. சார் வந்து பார்த்து, "வடையாம்மா?"

ஜூன் 13, வெள்ளி
உருண்டைகள் காய்ந்துவிட்டன. தண்ணீரில் போட்டால் கரையவில்லை! குழாயில் அடுக்கி மேலே மெஜந்தாச் சாயம் ஊற்றினால் கீழே தெளிந்த தண்ணீர். பத்மா கத்தியே விட்டாள். பச்சைச் சாயம் மட்டும் தண்ணீரில் லேசாகத் தங்குகிறது. மெதுவாக விட்டால் அதுவும் போகிறது. ஹாஸ்டலில் பாகற்காய். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூன் 14, சனி
ஒரு மூட்டை உருண்டையோடு சித்தூர் போய், அங்கிருந்து ஊர். தோள் வலி. சித்தப்பா ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார்.
"கோழி முட்டையாட்டம் கீது. இதுவா சாயத்தத் துன்னும்?"
"துன்னும் சித்தப்பா. வயிறு ரொம்பினா மாத்தணும்."
அடியில் ஓட்டை போட்ட டிரம்மில் அடுக்கினோம். அவரே சாயத் தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றினார்.

ஜூன் 15, ஞாயிறு
சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் பஞ்சாயத்தாரோடு எல்லோரும் கொட்டகையில். டிரம்மிலிருந்து வெளுத்த தண்ணீர். கன்னியம்மா டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.
"குடிக்கலாமா?"
என்னையே பார்க்கிறார்கள். நைனாவும்.
"வேணாம்கா. சாயம்தான் போச்சி. குடிக்கிற தண்ணி இல்ல இது."
"அப்ப என் கெணறு?"
சித்தப்பா முன்னால் வந்தார். "இனிமே டிரம்முல உடாம சொட்டுத் தண்ணி வெளிய போவாது. உன் கெணத்த நான் எறச்சி உடறேன். சுத்தமாவற வரிக்கும் எங்க கெணத்துல மொண்டுக்கோ."
கன்னியம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "நீயே வந்து எறைக்கணும்ணா. ஆளு கீளு அனுப்பக்கூடாது."
பஞ்சாயத்தார் சிரித்துவிட்டார்கள். கொட்டகையை மூடச் சொல்லவில்லை. சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். இன்னொரு வாளியை நான் எடுத்தேன்.