லோவினா ஒட்டிய அளவுமானி

அன்புள்ள டெல்மர்,

இடுப்பு வலி குறைந்ததா? டாக்டர் சொன்னபடி நடக்கிறீர்களா, நாற்காலியே கதியா? இந்த அரிசோனா வண்டிவீட்டு முகாமில் வேலை பார்த்துக்கொண்டு, வெயிலில் நான் சௌக்கியம்.

நம் பழைய வண்டிவீட்டின் கழிவுத் தொட்டி போன வாரம் வழிந்துவிட்டது. உள்ளே அளவு பார்க்கும் ஊசிகளில் அழுக்கு அப்பி, அளவுமானி எப்போதும் "நிரம்பிவிட்டது" என்றே காட்டும். பொய்தானே என்று இருந்துவிட்டேன். அன்றைக்கு மட்டும் அது உண்மை. "இன்னொரு தரம் வழிஞ்சா முகாம் வேலை கிடையாதும்மா" என்றார் முகாம் மேனேஜர்.

சரிசெய்தது யார் தெரியுமா? லோவினா. பதினோரு வருஷத்துக்கு முன், ஈஸ்டர் விருந்தில் என் பீன்ஸை நாய்க்கு வைத்தவள். அன்றைக்கு ஊதாத் தொப்பி போட்டிருந்தாளே, அவளேதான்; இப்போது இதே முகாமில் இருக்கிறாள்.

வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, தொட்டியின் வெளிப்புறத்தைத் துடைத்து, புது அளவுமானியின் பட்டையான சென்சாரை ஒரு சுருக்கமில்லாமல் ஒட்டினாள்.

"உள்ள எதுவும் போகலைடி, அழுக்கு எங்க ஒட்டும்? தண்ணிய ஊத்து."

காலி செய்திருந்த தொட்டியில் வாளி வாளியாக ஊற்றினேன். அளவுமானியில் பத்து, இருபது, முப்பது சதவீதம் என்று எண் ஏறியது.

"உன் பீன்ஸ் மாதிரி இல்லடி, இதை நம்பலாம்."

"வாயை மூடிட்டு வேலையப் பாருடி!"

அவளை மன்னிக்கவில்லை. ஆனால் அப்படியொரு கைவேலையை நான் பார்த்ததில்லை, டெல்மர்.

மேனேஜரும் பார்த்துவிட்டு ஏப்ரல் வரை இருக்கச் சொன்னார். சந்தோஷம்தான். சாயங்காலம் போன் போடுங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டால் போனை டிவி பக்கத்தில் வையுங்கள். மேட்ச் பார்த்து நடுவரை நீங்கள் திட்டுவதாவது கேட்கட்டும்.

தபால் வண்டி வந்துவிட்டது.

ஓர்த்தா