சாயம் போன அணி

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, குறை என்று எழுதவும் பெரிதாக ஒன்றுமில்லை. போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. கடிதமென்றால் பிரிக்காவிட்டாலும் உன் வீட்டுக்குள் வந்து ஒரு மூலையில் கிடக்கும். அதனால் எழுதுகிறேன்.

நம் கால்பந்து கிளப் தொடங்கிய கதையைக் கேட்டு போன வாரம் ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். மேனேஜர் என்ற முறையில் உன் மாப்பிள்ளையைத்தான் முதலில் பார்த்திருக்கிறார். இவரோ, "எங்க வீட்டுக்காரிகிட்ட கேளுங்க, எல்லாம் அவ தையல் மேஜைமேலதான் நடந்தது" என்று இங்கே அனுப்பிவிட்டார். நானும் துணி வெட்டிக்கொண்டே சொன்னேன். லீக்கில் ஒரு புது அணிக்கு இடம் திறந்ததும், சம்பளத்துக்கு ஆடும் அணி நம் ஊருக்கும் வேண்டும் என்று ஐஸ் ஃபாக்டரி முதலாளிக்கு ஆசை வந்தது. ஃபாக்டரி பசங்களுக்கு மாலையில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த நீ கோச் ஆனாய். அங்கே சூப்பர்வைசராக இருந்த இவர் மேனேஜர் ஆனார். நான் எதுவும் ஆகவில்லை, சட்டை தைத்தேன். அதைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

நிறத்துக்காக நீங்கள் இருவரும் போட்ட சண்டையையும் சொன்னேன். நீ நீலம்தான் என்றாய், இவர் பச்சை என்று ஒற்றைக் காலில் நின்றார். அணி முழுவதற்கும் போதுமான துணி கடையில் செங்கல் நிறத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் இருவரும் வாயை மூடினீர்கள். முதல் மாட்சில் அந்த மழை. சாயம் இறங்கி வெள்ளை டிரவுசர் எல்லாம் ரோஸ் நிறமாகி, கழுத்தெல்லாம் சிவந்து, அஞ்சு கோலும் வாங்கிக்கொண்டு பசங்க நின்ற கோலத்தைப் பார்த்து, கூட்டம் "சாயம், சாயம்" என்று கத்திச் சிரித்தது. எனக்கு எங்கேயாவது ஓடிப்போகலாம் போலிருந்தது. நீ மட்டும் என்னிடம் வந்து, "விடும்மா, டீமுக்குப் பேர் கிடைச்சிருச்சு" என்றாய். அந்த சீசன் முடியும்போது அதே கூட்டம் அதே பேரைச் சொல்லித்தான் பசங்களைத் தோளில் தூக்கியது. கடைசிக்கு முந்தின இடம். கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பித்ததையே ஊர் கோப்பை மாதிரி கொண்டாடியது.

அதற்கப்புறம் என்று கேட்டார். இரண்டாவது சீசன் சரியாகப் போகவில்லை, பாதியில் கோச்சை மாற்றினார்கள் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். எங்கே வைத்து, எப்படி என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். முடிவு முதலாளியுடையது, சொல்ல வேண்டிய வாய் இவருடையது. அதை ஆபீசில் சொல்லாமல் வீட்டில், சாப்பாட்டு வேளையில் சொன்னார். வீட்டு மனுஷனுக்கு வீட்டில் வைத்துச் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தாராம். நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு, "சரி மாப்பிள்ளை" என்றாய். அவ்வளவுதான். அப்பா கட்டிலிலிருந்து, "என்னடா ஆச்சு, என்னடா ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். அன்றைக்கு உனக்குப் பின்னாலேயே வாசல்வரை வந்திருக்கலாம். 

அப்பாவுக்கு வாதம் வந்த இடது பக்கம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பேச்சு மட்டும் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. மாட்ச் நாளில் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்கிறார். மைதானத்துச் சத்தம் நம் தெருவரை கேட்கும் அல்லவா? கத்தல் எழுந்தால், "நம்ம பையன் டீமா?" என்கிறார். ஆமாம்பா என்கிறேன். அவன் ஏன் வரவில்லை என்றால், வெளியூர் மாட்ச் என்கிறேன். உள்ளூரில் மாட்ச் நடக்கும்போதே வெளியூர் மாட்ச் என்று சொல்கிறேன், அவரும் நம்புகிறார். அல்லது நம்புவதாக என்னை நினைக்க விடுகிறார்.

சட்டையெல்லாம் இப்போது ஒரு கம்பெனியிலிருந்து வருகிறது. எவ்வளவு துவைத்தாலும் சாயம் போகாதாம். நான் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறேன். புதுக் கோச் நல்லவர் என்கிறார்கள். இவர் வீட்டில் அணியைப் பற்றிப் பேசுவதில்லை.

நீ சேர்ந்திருக்கும் கிளப் பெரியது என்று கேள்விப்பட்டேன். வேலை நெட்டி முறிக்கும். இருந்தாலும் ஒரு தடவை வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போ. இவர் ஆபீசில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தாலும் சரி.

இப்படிக்கு,
உன் தங்கச்சி

*

அன்புள்ள அண்ணனுக்கு,

தகவல் உனக்கு வந்திருக்கும். உங்கள் கிளப் ஆபீசுக்கு இவர்தான் போன் செய்தார். அணியோடு பயணத்தில் இருக்கிறார், சொல்லிவிடுகிறோம் என்றார்களாம். சொன்னார்களா, எப்போது சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கப் போவதும் இல்லை.

அன்றைக்கு இங்கே மாட்ச். அப்பா வழக்கம்போல ஜன்னலைத் திறக்கச் சொன்னார். கொஞ்சம் கஞ்சி குடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். மைதானத்தில் பெரிய கத்தல் எழுந்தது. நம்ம பையன் டீமா என்று கேட்பாரே என்று நிமிர்ந்து பார்த்தேன். கேட்கவில்லை. வெளியே கத்தல் நிற்கவே இல்லை. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். எதற்குச் சாத்தினேன் என்று தெரியவில்லை. அதற்கப்புறம்தான் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

மறுநாள் மாலைவரை உனக்காக வைத்திருந்தோம். அதற்குமேல் தாங்காது என்று சித்தப்பா சொன்னார். நீ நிற்க வேண்டிய இடத்தில் இவர் நின்றார். முன்னால் தோள் கொடுத்ததும் இவர்தான். திரும்பி வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். வெளியே கேட்காது என்று நினைத்திருப்பார். மகன் எங்கே என்று கேட்டவர்களிடம் எல்லாம், "அவன் வேலை அப்படி, அவனைக் குத்தம் சொல்லாதீங்க" என்று இவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இதை உனக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

எனக்குத்தான் அழுகை வரவில்லை. "பாவம், கல்லு மாதிரி உக்காந்திருக்கா, யாராவது அவளை அழ வையுங்க" என்று சித்தி என் காதில் விழும்படியே சொன்னாள். அழ வைக்க இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள்தான் அழுதார்கள். அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். எல்லோரும் போன பிறகு மிஷினில் உட்கார்ந்தேன். ஒரு சீருடைச் சட்டைக்கு இரண்டும் இடது கையாக வைத்துத் தைத்திருக்கிறேன். பிரித்துத் தைத்தேன். பார்த்தால் மறுபடியும் அப்படியே. அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

உன்மேல் கோபமா என்று கேட்காதே. தேடிப் பார்த்தேன், அதுவும் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கச்சி

*

அன்புள்ள அண்ணனுக்கு,

சீசனின் கடைசி மாட்சுக்கு உன் அணி இங்கே வரப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து ஊரில் வேறு பேச்சில்லை. ஒரு டிரா போதும், நம் கிளப் தப்பித்துவிடும் என்றார்கள். நீ விட்டுக்கொடுப்பாய் என்று டீக்கடையில் பந்தயம்கூடக் கட்டினார்களாம். உன்னைத் தெரியாதவர்கள்.

நானும் வந்திருந்தேன். நீ போன பிறகு மைதானத்துக்குள் கால் வைத்தது அன்றுதான். எதிரணி பெஞ்சிலிருந்து நீ எழுந்து வந்ததும் நம் கூட்டம் "கோச், கோச்" என்று கத்தியது. நீ புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒன்றுக்கு ஒன்று என்று நின்ற ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் உங்களுக்கு ஒரு கார்னர். பந்தை நேராகத் தூக்காமல் பக்கத்தில் தட்டி, பின்னால் ஓடிவருகிறவனுக்கு விடுவது. பட்டன்களை என் மேஜைமேல் பரப்பி நீ நம் பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாயே, அதேதான். நம் கோல்கீப்பருக்கும் அது தெரியும். அவன் கையை நீட்டிக் காட்டிக் கத்தினான். ஆனாலும் கோல் விழுந்துவிட்டது.

சுற்றிலும் அழுகை. உன் பசங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குதித்தார்கள். நீ குதிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டாய், வியர்வையாக இருக்கலாம். நான் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். மூன்று பேருக்குச் சமைத்திருந்தேன். உங்கள் பஸ் அப்படியே போய்விட்டது என்று தெரிந்தது.

இவர் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். உங்கண்ணன் வந்து கை கொடுத்தான் என்றார். என்ன சொன்னான் என்று கேட்டேன். "மாட்சைப் பத்தி ஒண்ணும் பேசல. அப்பாவோட கண்ணாடி யார்கிட்ட இருக்குன்னு கேட்டான். வீட்லதான் இருக்குன்னு சொன்னேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டான்." இதைச் சொல்லிவிட்டுத்தான் இவர் செருப்பைக் கழற்றினார்.

முதலாளி கிளப்பைக் கைகழுவிவிட்டார். கீழ்ப் பிரிவில் ஆடும் அணி தனக்கு வேண்டாமாம். இவருக்கும் வேலை இல்லை. நேற்று ஊர்க்காரர்கள் வந்து, நாங்கள் எல்லோரும் சேர்ந்து நடத்துகிறோம், நீங்கள் பொறுப்பாக இருங்கள் என்று கேட்டார்கள். பார்க்கலாம் என்றார். கோச் யார் என்று ஒருவர் கேட்டதும் எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் உன்னைக் கேட்கமாட்டார். நானும் கேட்கவில்லை, உனக்கு இப்போது நல்ல வேலை இருக்கிறது. ஜெயித்ததற்கு என் வாழ்த்தையும் வாங்கிக்கொள்.

ஆனால் மெலிந்துவிட்டாய் அண்ணா. உன் கோட் தோளிலிருந்து தொங்குகிறது, தூரத்திலிருந்தே தெரிந்தது. கழற்றிக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் பிடித்துத் தைத்துத் தந்துவிடுவேன்.

அப்பாவின் கண்ணாடியைத் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். ஒரு பக்கக் காதுக் கம்பி கொஞ்சம் லூசாகத்தான் இருக்கிறது. தபாலில் அனுப்பினால் உடைந்துவிடும். நீதான் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

உன் தங்கச்சி