அம்மாவோடு வருகிறவன்

அன்பு மகன் எல்ஸிக்கு, அப்பா சொல்லச் சொல்ல, சவப்பெட்டிக் கடை ஜெனோபியா அத்தை எழுதுவது. எனக்கு உடம்பில் குறை ஒன்றும் இல்லை, சிகாகோ குளிரில் உனக்கும் சளி இருமல் அண்டாமல் இருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா நேற்று விடியற்காலையில் போய்விட்டாள். அவளைப் பார்க்கச் சனிக்கிழமை ரயிலில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாயே, வராதே. தபாலில் போட்டால் பிரித்துப் படிப்பார்கள் என்றுதான் ரயிலில் படுக்கை விரிக்கிற நம் ஆள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இங்கே நீ செத்தவன், மறந்துவிடாதே. அம்மா மேல் ஓங்கிய சாட்டையைக் கங்காணி கையிலிருந்து நீ பிடுங்கிய மறுநாள், பெரியம்மையில் செத்தான் என்று சொல்லி அத்தை உன்னைப் பெட்டியில் படுக்க வைத்துப் பட்டப்பகலில் கடைத்தெரு வழியாக ஓட்டிப் போனாள். நம் கறுப்பர் பிணத்தை வெள்ளைக்காரன் தொடமாட்டான், அதனால் அவள் வண்டியை எவனும் திறந்து பார்ப்பதில்லை, உன்னைத் தேடிய ஷெரிப்பே தொப்பியைக் கழற்றி நின்றான். நடுவழியில் நீ தும்மினாயாம், "எத்தனையோ பொணம் ஏத்திருக்கேன், தும்முன பொணம் ஒம்மவன் ஒருத்தன்தான் அண்ணே" என்று இதை எழுதும்போதும் சிரிக்கிறாள். உன் அம்மா ஊர்க் கல்லறையில் நீ இறங்கி ஓடினாய், குழிக்குள் மணல் நிரப்பிய பெட்டி இறங்கியது. அந்த மணலுக்குத்தான் இத்தனை வருடமும் உன் அம்மா பூ வைத்து ஊர் பார்க்க அழுதாள், பாதி அழுகை நிஜம். அந்தக் கங்காணி இப்போது ஷெரிப்புக்குக் கையாள், ரயிலடியில்தான் நிற்கிறான். உன்னைக் கண்டால் உன்னோடு முடியாது, அன்று முதல் ஒவ்வொரு பெட்டியையும் திறப்பார்கள், அத்தை கழுத்துக்கும் கயிறு வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. தச்சன் ஓத்தோ, தோட்டத்து முதலாளி மகன் செய்த கொலையைக் கண்டேன் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டான். நாயை விட்டுத் தேடுகிறார்கள். அத்தையின் பலகைக் கொட்டகையில் ஒளிந்திருக்கிறான். வண்டி ஊரைத் தாண்ட ஒரு சாவு வேண்டியிருந்தது, அதுவரை சாவு ஒன்றும் விழவில்லை. அத்தை வந்து புலம்பியதைப் படுக்கையில் கேட்ட உன் அம்மா, "நான் எப்படியும் போகத்தானே போறேன், கீழ ஒருத்தன் படுத்துக்கிட்டா எனக்கென்ன வலிக்கவா போவுது?" என்றாள். வாயை மூடுடி என்றேன். "ஓம் புள்ளைய ஏத்துனப்ப இனிச்சுதோ கெழவா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை அவளை அவள் ஊருக்குக் கொண்டுபோகிறோம். பெட்டிக்குக் கீழே, வண்டியின் இரட்டைத் தட்டில் ஓத்தோ. உன் மணலுக்குப் பக்கத்தில் அவளை இறக்குவோம், மகனிடம் போய்ச் சேர்ந்தாள் என்று பிரசங்கியார் சொல்வார், நான் ஆமென் சொல்ல வேண்டும்.

நீ திங்கட்கிழமை அங்கே ரயிலடிக்குப் போ, ஓத்தோ வந்து இறங்குவான். உயரமானவன், இடது காதில் பாதி இல்லை. முதலில் எதுவும் கேட்காதே, வயிறாரச் சோறு போடு, படுக்க இடம் கொடு. ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. அவன் தூங்கி எழுந்தபின், வழியெல்லாம் அம்மாவுக்கு எப்படிப் பாடினார்கள் என்று கேள். எங்கள் எல்லோரையும்விட அவன்தான் அவளுக்குப் பக்கத்தில் இருந்திருப்பான்.

உன் அப்பா,
ரான்சம் டில்லரி, கைநாட்டு