சைலண்ட் மோடில் ஒரு பரிசளிப்பு விழா

மார்ச் 4

அடையாள அட்டைக்குப் படம் என்றால் மனிதர்கள் ஏன்தான் மூச்சை அடக்கிக்கொள்கிறார்களோ. இன்று வந்த எல்லோருக்கும் ஒரே முகம், தண்ணீருக்குள் இருந்து எட்டிப் பார்ப்பது போல. "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" — நாள் முழுக்க நான் பேசுவது இவ்வளவுதான். அதையும் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் சொல்வேன்.

சித்தப்பா தன் போட்டோ கடைக்கு இந்த மிர்ரர்லெஸ் கேமராவை வாங்கியதிலிருந்து, இதே கேமரா வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். படங்கள் போடுவார்கள், குறிப்புகள் சொல்வார்கள். முகம் காட்ட வேண்டாம், வாய் திறக்க வேண்டாம். எனக்காகவே ஆரம்பித்த மாதிரி இருக்கிறது. எல்லோரும் என்னை 'சார்' என்கிறார்கள். நான் திருத்தவில்லை. மரியாதை கிடைக்கும்போது எதற்குக் கெடுப்பானேன்?

மார்ச் 7

குழுவில் ஒரு சட்டம் உண்டு. படத்துக்குக் கீழே எந்த லென்ஸ், ஷட்டர் வேகம் என்ன அளவு எல்லாம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் எவ்வளவு நல்ல படமும் தள்ளுபடி. எழுதிவிட்டால், படத்தில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் 'அருமை'.

பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார். புது லென்ஸ் வாங்குவார், செங்கல் சுவரை எடுப்பார். இன்றும் அதே சுவர். "மூலை வரைக்கும் என்ன ஷார்ப் பாருங்க!" பார்த்தேன். மூலை வரைக்கும் செங்கல்தான்.

இன்னொருவர் தன் பூனையைத் தவிர வேறெதையும் எடுக்க மாட்டார். அது தூங்குவதைத் தவிர வேறெதுவும் செய்யாது. இருவருக்கும் நல்ல பொருத்தம்.

நான் இதுவரை ஒரு படம்கூடப் போட்டதில்லை. நக்கல் மட்டும் இங்கே பக்கம் பக்கமாக. பெரிய வீராங்கனை.

மார்ச் 10

விழா, விசேஷம் என்று வெளி வேலைக்குப் போகும் எங்கள் கடை அண்ணன் வேறு ஸ்டுடியோவுக்குத் தாவிவிட்டார். இருபதாம் தேதி ஒரு பள்ளியில் பரிசளிப்பு விழா. அன்றைக்குச் சித்தப்பாவுக்குக் கல்யாண வேலை.

"நீ போயிட்டு வந்துடும்மா."

"நான் எப்படி சித்தப்பா..."

"ஒருத்தர் சர்டிபிகேட் குடுப்பாரு. ஒருத்தர் வாங்குவாங்க. ரெண்டு பேரும் இளிப்பாங்க. நீ அமுக்கு. இதுல எப்படி என்ன எப்படி? நல்லா செஞ்சேன்னா வெளி வேலை இனிமே உன்னுது. இல்லன்னா வேற ஆளப் பாக்கறேன். நீ இங்கயே ஊரு தாடையெல்லாம் இறக்கிட்டு இரு."

எந்தப் பள்ளி என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். நான் ஒன்பதாவதோடு நின்ற பள்ளி. மேடையேறப் போவது என்னோடு படித்த வகுப்பு.

அப்பா படுக்கையில் விழுந்தபோது, 'கொஞ்ச நாள்தானே' என்று நின்றேன். அப்பா எழுந்து வேலைக்கே போகிறார். நான்தான் திரும்பப் போகவில்லை. கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு எப்படி உட்காருவது? ஆக, வெட்கத்தில் மட்டும் மேற்படிப்பு.

மார்ச் 11

வெளி வேலை வேண்டும். ரொம்ப வேண்டும்.

மார்ச் 13

குழுவில் முதல் முறையாக ஒரு கேள்வி கேட்டேன். அடித்து அழித்து, அடித்து அழித்து, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டேன். 'பள்ளி விழா. நான் எடுப்பது யாருக்கும் தெரியக் கூடாது. என்ன செய்யலாம்?'

பூனைக்காரர் உடனே வந்தார்: "சைலண்ட் மோடு போடுங்க சார். ஷட்டர் சத்தமே வராது. நீங்க அங்க இருக்கறதே யாருக்கும் தெரியாது."

இருப்பதே தெரியாதாமே! இதற்குத்தானே இத்தனை வருஷம் பாடுபட்டேன்.

பல் டாக்டர், என்னிடம் இருக்கும் லென்ஸை வைத்துக்கொண்டு விழாவுக்குப் போவது பாவம் என்றார். பிறகு எல்லோரும் கேமரா பை எது நல்லது என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். இன்னும் ஓயவில்லை.

மார்ச் 14

வாசலில் வெயிலில் நின்ற சித்தப்பாவை சைலண்ட் மோடில் எடுத்துப் பார்த்தேன். பல் குத்திக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை. படமும் பளிச்சென்று வந்தது. பூனைக்காரர் வாழ்க.

மார்ச் 19

நாளை மழை பெய்து பள்ளிக்கு விடுமுறை விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

மார்ச் 20

மழையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு மேடைக்குக் கீழே நின்றேன். சைலண்ட் மோடு. யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஏழெட்டுப் பேர் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். சொர்க்கம். சும்மா ஒரு தடவை எடுத்ததைப் பார்ப்போமே என்று திரையைத் திருப்பினேன்.

பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடுகள். எல்லார் முகத்திலும். மொத்த வகுப்பையும் ஜெயிலில் போட்ட மாதிரி.

வெயிலில் வராத கோடு இங்கே ஏன்? தலைக்கு மேலே மேடையின் எல்இடி விளக்குகள். இதுதானா? சைலண்ட் மோடை எடுத்துவிட்டு மேடையோரத்து மைக்கை ஒரு படம் எடுத்தேன். க்ளக்! முன்வரிசை மொத்தமும் திரும்பியது. கோடு இல்லை.

ஆனால் இறங்கிப் போனவர்கள்? கேமரா கோளாறு என்று சித்தப்பாவிடம் சொல்லிவிடலாமா? அப்படியே நழுவிவிடலாமா? வெளி வேலை போச்சு. போகட்டுமே — போகட்டுமா? அடுத்தவள் வேறு படியேறிக்கொண்டிருந்தாள்.

"நில்லுங்க!"

கத்தியது நான்தான். பக்கத்தில் மைக் இருந்ததா, மண்டபம் முழுக்கக் கேட்டது.

"என்னம்மா?" என்றார் தலைமை ஆசிரியை.

"படம் வரல மிஸ். மொதல்ல வாங்கினவங்க எல்லாம் திரும்ப வரணும். சர்டிபிகேட்டக் குடுத்துட்டு மறுபடி வாங்கணும்."

சிறப்பு விருந்தினர் சிரித்தார். "அப்ப நானும் மறுபடி குடுக்கணுமா? நல்ல வேளை, பேசினத மறுபடி பேசச் சொல்லல."

மண்டபமே சிரித்தது. என்னைப் பார்த்துத்தான். தரை பிளக்கவில்லை.

முதலில் திரும்ப ஏறியது என் பக்கத்து பெஞ்சுக்காரி. உற்றுப் பார்த்தாள்.

"ஏய், நீயாடி? எங்கடி போய்த் தொலைஞ்ச?"

"தாடைய இறக்கு. அப்புறம் திட்டு."

சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு படத்தில் இருக்கிறது. கோடு இல்லாமல்.

மார்ச் 22

கோடு விழுந்த படம் ஒன்றை, முகங்களை வெட்டிவிட்டு, குழுவில் போட்டேன். அளவெல்லாம் ஒழுங்காக எழுதி. கூடவே: 'மேடை எல்இடி விளக்கில் சைலண்ட் மோடு போட்டால் இப்படி வரும். நான் சார் இல்லை, பெண்.'

பூனைக்காரர்: "எல்இடின்னு நீங்க சொல்லவே இல்லையே சார்."

பல் டாக்டர்: "கோடுங்க ஒவ்வொண்ணும் என்ன ஷார்ப்!"

ஏப்ரல் 2

"பள்ளிக்கூடத்துலேருந்து போன். விளையாட்டு விழாவாம்" என்றார் சித்தப்பா, போனைக் கையால் பொத்திக்கொண்டு. "கத்துமே, அந்தப் பொண்ணையே அனுப்புங்கன்றாங்க. நம்ம கடையில அப்படி யாரும் இல்லையேன்னு சொல்லிட்டு இருக்கேன்."

"நான்தான் சித்தப்பா."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு போனை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.