கை நனைக்காத வீடு

பாசமுள்ள மதினிக்கு, உங்கள் நாத்தனார் ராசாத்தி எழுதுகிறேன்.

நீங்கள் போய் வருஷம் ஒன்று முடிந்துவிட்டது. இருந்த காலத்தில் உங்களிடம் நாலு வார்த்தை முகம் கொடுத்துப் பேசாதவள், இப்போது பேனாவும் நோட்டுமாக உட்கார்ந்திருக்கிறேன். நேற்று நடந்ததை யாரிடம் சொல்வது என்று யோசித்தால் உங்கள் முகம்தான் வருகிறது.

நேற்றுக் காலை எங்கள் அகரத்து வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. என் மகள் சுபாவுக்கு யாரோ சோற்றில் வைத்துவிட்டதாகச் சொல்லும் மருந்தை எடுக்கக் கூட்டிப்போவதற்காக என் மாமியார் சொல்லி வைத்த ஆட்டோ. உங்களுக்கு நினைவிருக்கும், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு மருந்து எடுத்தாரே ஒருவர், இப்போது அவருடைய மகன்தான் எடுக்கிறாராம்.

சுபா போலீஸ் வேலைக்கு எழுதித் தேறிவிட்டாள், மதினி. இனி ஓட்டத் தேர்வுதான் பாக்கி. அந்தத் தேதி வந்த நாளிலிருந்து அவளுக்கு வயிறு பிசைகிறது. மைதானத்துக்குக் கிளம்புவதற்குள் நாலு தடவை கக்கூஸுக்கு ஓடுகிறாள். ஒரு இட்லி சாப்பிட்டால் அரை இட்லி வெளியே வந்துவிடுகிறது. சுடிதார் தோளில் நிற்காமல் வழுக்குகிறது.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், குழாய் விட்டும் பார்த்தார்கள். அந்த டாக்டரம்மா என்னை உட்கார வைத்து, "புண்ணும் இல்ல, கட்டியும் இல்லம்மா. அதுக்காக வலி பொய்னு நெனச்சுராதீங்க. மனசு பதறுனா குடலும் பதறும், ரெண்டுக்கும் நடுவுல நரம்பு ஓடுது" என்றார். மனநல டாக்டரையும் பாருங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். போலீஸாகப் போகிற பெண் பைத்தியக்கார டாக்டரைப் பார்த்தாள் என்று ஊர் சொன்னால்? மூன்று வாரம் அது அங்கேயே கிடந்தது.

அதற்குள் என் மாமியார் காரணம் கண்டுபிடித்துவிட்டார். உங்கள் வருஷத் திதிக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தபோது சுபா அங்கே வயிறாரச் சாப்பிட்டாள். நான் வழக்கம்போல உங்கள் படத்துக்குப் பூப் போட்டுவிட்டு, தலைவலி என்று சொல்லித் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன். "அந்த வீட்ல கை நனைச்சுட்டு வந்தா, அம்புட்டுத்தான். ஆத்தாக்காரி போனா என்ன, மக இருக்கால்ல?" என்றார் மாமியார்.

உங்கள் மகள் கவிதாவைச் சொல்கிறார். சுபாவுக்கு வலி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் சரி என்று தலையாட்டினேன். யாரோ சோற்றில் எதையோ வைத்துவிட்டார்கள் என்பது, என் பெண்ணுக்கு மனசு சரியில்லை என்பதைவிடச் சொல்ல லேசாக இருந்தது.

அன்றைக்கும் இப்படித்தானே லேசாகத் தப்பித்தேன். என் மூத்த பிள்ளை பிறந்த ஒன்பதாம் நாளில் போனது. நான் அழவில்லை. பத்தியச் சோற்றைத் தின்றுவிட்டு நடமாடிக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்தில் வயிறு மூடிக்கொண்டது, எது தின்றாலும் கல்லாகக் கிடந்தது. சாணார்பட்டியில் அண்ணன் வீட்டில் இருந்த எனக்கு நீங்கள் கஞ்சி கரைத்துக் கொடுத்துவிட்டு, "ஏத்தா, இது வயித்து நோவு இல்ல. நீ அந்தப் புள்ளைக்காக அழுகவே இல்ல. ஒருக்கா அழுதுரு, எல்லாம் செமிச்சுரும்" என்றீர்கள்.

அந்த ஒரு வார்த்தைதான் உங்களுக்கு வினையாகிப் போனது. "வயித்து நோவு இல்லேன்னு அவளுக்கு எப்பிடி இம்புட்டு உறுதியாத் தெரியும்? வச்சவளுக்குத்தானே தெரியும்?" என்று மாமியார் கேட்டார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. உண்மையைச் சொன்னதையே சாட்சியாக்கி உங்கள் மேல் பழி போட்டோம்.

மருந்து எடுக்கிறவர் ஏதோ பச்சிலைச் சாறு கொடுத்தார். குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. கறுப்பாக ஒரு கட்டியைக் காட்டி, இதோ பார் என்றார். நான் கட்டியைப் பார்க்கவில்லை, மதினி. வாந்தியோடு அழுகையும் வந்துவிட்டது. பிள்ளையைச் சொல்லிச் சொல்லி, தரையில் புரண்டு அழுதேன். மறுநாள் பசித்தது. புண்ணியம் அவருக்குப் போனது, பழி உங்களுக்கு வந்தது. அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தினார்.

அதற்குப் பிறகு காதுகுத்து, கல்யாணம் என்று எந்தப் பந்தியில் நான் உட்கார்ந்தாலும் நீங்கள் என் இலைக்கு முன்னால் வந்து நிற்பீர்கள். கரண்டியிலிருந்து ஒரு வாய் எடுத்து உங்கள் வாயில் போட்டுக்கொண்டு, பிறகு எனக்குப் பரிமாறுவீர்கள். நாலு பேர் பார்க்க என்னைக் குத்திக் காட்டுகிறீர்கள் என்று நினைத்து, இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவேன். எத்தனை தடவை!

நேற்று ஆட்டோவில் சுபா ஒரு காலை எடுத்து வைத்த நேரம், கவிதா வந்துவிட்டாள். சுபா சாப்பிடுவதில்லை என்று போனில் கேள்விப்பட்டு, சாணார்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி, தூக்குவாளியில் கஞ்சியோடு வந்திருக்கிறாள். என் மாமியார் வாசலை மறித்து நின்றார். இவர் வாயைத் திறந்து சொல்லிவிட்டால், உங்கள் பெண்ணும் உங்களைப் போலவே ஆயுசுக்கும் சுமக்க வேண்டியதுதான்.

கவிதா மூடியில் கொஞ்சம் ஊற்றித் தான் குடித்தாள். அதன் பிறகுதான் வாளியை என்னிடம் நீட்டினாள்.

"ஏன்டி, நீ எதுக்குக் குடிச்ச?" என்றேன்.

"அம்மா சொல்லிருக்கு அத்தே. அத்தைக்கு எது குடுத்தாலும் மொதல்ல நீ ஒரு வாய் சாப்பிடு, அதுக்கு உள்ளுக்குள்ள பயம் இருக்கு, பயந்துக்கிட்டே சாப்ட்டா பச்சத் தண்ணிகூடச் செமிக்காதுன்னு."

மதினி, குத்திக் காட்டவா செய்தீர்கள்? என் பயம் போகட்டும் என்றா அத்தனை பந்தியில் அத்தனை பேர் முன்னால் நின்றீர்கள்? ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?

ஆட்டோவுக்குள்ளிருந்து சுபா, "அம்மா, எனக்கு யாரும் எதுவும் வைக்கல. இதுல தோத்தா உடனே கல்யாணம்னு அப்பத்தா சொன்னதுல இருந்து பயமா இருக்கும்மா. தெனமும் பயமா இருக்கு" என்று அழுதாள். என் பெண் பரவாயில்லை, என்னைப் போல இல்லை, வாய்விட்டு அழுகிறாள்.

கவிதா குடித்த அதே மூடியில் ஊற்றி நானும் குடித்தேன். அடிவயிறு ஒரு தடவை பிசைந்தது, பழைய பழக்கம் போலிருக்கிறது. சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டு வந்து, ஆட்டோக்காரரிடம் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன்.

"பைத்தியக்கார டாக்டருகிட்டயா?" என்றார் மாமியார்.

"ஆமா. எனக்கும் சேத்துத்தான் பாக்கப் போறேன்."

டாக்டர் சுபாவிடம் ஒரு மணி நேரம் பேசினார். மாத்திரை கொடுத்திருக்கிறார், வாரம் ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார். இன்று காலையும் அவளுக்கு வயிறு பிசைந்தது, ஒரே நாளில் போய்விடாதாம். தேர்வுக்குள் சரியாகுமா, தெரியவில்லை. மாமியார் என்னோடு பேசவில்லை. அண்ணனுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை.

உங்கள் அடுத்த திதிக்கு நான் முதல் பந்தியில் உட்காருவேன், மதினி. அண்ணன் எடுத்தெறிந்து பேசினாலும் எழுந்திருக்க மாட்டேன். ஊரார் முன்னால், "எங்க மதினி எனக்கு எதையும் வைக்கல, கஞ்சிதான் குடுத்துச்சு" என்று என் வாயால் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பேன். இனி உங்கள் பெண் யாருக்கும் முதல் வாய் சாப்பிட்டுக் காட்ட வேண்டியதில்லை. இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் கைச் சோற்றுக்கு இன்றைக்குப் பசிக்கிற நாத்தனார்,
ராசாத்தி