ஒன்றை அழுத்தவும்

ஆம்பூர்,
நவம்பர் 14, வியாழன்.

அன்புள்ள சௌந்தர்யா அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், கடந்த ஏழு மாதங்களாகத் தலைமறைவாக இருந்த நம் வீட்டு மிக்ஸி மூடி, இன்று காலை பீரோவின் மேல் கிறிஸ்துமஸ் நட்சத்திரப் பெட்டிக்குப் பின்னால் உயிருடன் மீட்கப்பட்டது. மூடி நலம். விசாரணை நடந்து வருகிறது. சந்தேகத்தின் பேரில் அம்மா என்னை மட்டும் கைது செய்திருக்கிறார்.

சிரிச்சியா? சிரிச்சிருந்தா மேல படி. சிரிக்கலைன்னாலும் படி.

இமெயில்லதான் அனுப்புறேன், ஆனா லெட்டர் மாதிரி எழுதுறேன். தமிழ் பரீட்சையில எனக்கு முழு மார்க் வர்ற ஒரே இடம் கடிதம்தான். போன்ல பேசலாம்னா என் வாய் ஒத்துழைக்க மாட்டேங்குது. சீரியஸா ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சா தானா ஜோக் பக்கம் இழுத்துட்டுப் போய்டுது, ஹேண்டில் பார் கோணின சைக்கிள் மாதிரி.

முதல்ல அப்பா. வீட்டுக்கு வந்து இன்னியோட பன்னெண்டு நாள் ஆகுது. வேலூர் ஆஸ்பத்திரி வார்டுல இருந்ததுக்கு இப்போ முகம் தெளிவா இருக்கு. வலது கால் கொஞ்சம் கொஞ்சம் சொன்ன பேச்சு கேக்குது. வலது கை இன்னும் என்னை மாதிரி, எது சொன்னாலும் கேக்குறதில்ல. ஷூ கம்பெனி கட்டிங் செக்ஷன்ல முப்பது வருஷம் தோலைத் தடவிப் பார்த்தே எங்க தழும்பு இருக்குன்னு சொன்ன கை. இப்போ இடது கையாலதான் போர்வையைத் தடவிட்டே இருக்காரு. எதைத் தேடுறாருன்னு தெரியல.

கம்பெனியில அப்பாவுக்குப் பக்கத்து மேஜைக்காரர் அமீர் பாய் தினமும் ஷிஃப்ட் முடிஞ்சு நேரா நம்ம வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு ஷேவ் பண்ணி விடுறாரு. நேத்து கண்ணாடியைக் காட்டி, இன்னா தேவசகாயம், மாப்பிள்ளை கணக்கா இருக்கியே, பொண்ணு பாக்கட்டுமான்னாரு. அம்மா உள்ளேருந்து, பாருங்க பாய், இவரைத் தூக்கி உக்கார வைக்கிற அளவுக்குத் தெம்பு இருக்குற பொண்ணா பாருங்கன்னாங்க. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அப்பாவும் சிரிச்சாரு, வாயோட இடது பக்கம் மட்டும். அமீர் பாய் சட்டுன்னு எழுந்து கிண்ணத்துத் தண்ணியை ஊத்துற மாதிரி வெளிய போய்ட்டாரு. ரொம்ப நேரம் வரல.

வீட்டு நர்சிங் சூப்பரிண்டெண்டெண்ட் பதவி என்கிட்ட இருக்கு. துடைக்கிறது, திருப்பிப் படுக்க வைக்கிறது, கஞ்சி ஊட்டுறது எல்லாம் நான்தான். பிளஸ் டூ படிக்கிற பையன் இவ்ளோ பண்றானேன்னு தெருவே பாராட்டுது. பாராட்டட்டும்.

அடுத்தது நீ.

அம்மா சொன்னாங்க. வேலையை விடுறேன்னு லெட்டர் எழுதி வெச்சிருக்கியாம். இந்த மாசக் கடைசியில குடுத்துட்டு ஜெர்மனியைக் காலி பண்ணிட்டு வரப் போறியாம். அப்பாவைப் படுக்க வெச்சது நான்தான், அறுபத்தோரு நாள் வரிசையா மாத்திரை போட்டதா பச்சை டிக் விழுந்திருக்கு, போட்டிருந்தா மூளையில ரத்தம் எப்படிக் கட்டும், என் புரோகிராம்தான் எங்கயோ பொய் சொல்லியிருக்குன்னு அம்மாகிட்ட அழுதியாம். ஒரு மாசமா அது ஓடின கணக்கை வரி வரியா உக்காந்து பாக்குறியாம். தப்பு கிடைக்கலையாம்.

கிடைக்காதுக்கா. ஏன்னு சொல்லத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் சுத்திதான் வருவேன், பொறுத்துக்கோ.

ரெண்டு வருஷம் முன்னாடி அப்பா இதயத்துல உலோக வால்வு வெச்சப்போ டாக்டர் ஒண்ணே ஒண்ணுதான் அழுத்திச் சொன்னாரு, ரத்தம் கட்டாம இருக்க தினமும் சாயங்காலம் ஒரு மாத்திரை, ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு. நீ ஜெர்மனிக்குப் போறதுக்கு முந்தின வாரம் அவசர அவசரமா அந்தப் புரோகிராமை எழுதின. சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா போன் அடிக்கும். எடுத்தா உன் குரல்: அப்பா, மாத்திரை போட்டாச்சுன்னா ஒன்றை அழுத்தவும். அழுத்தினா நம்ம வாட்ஸ்அப் குரூப்ல பச்சை டிக் விழும், கதை முடிஞ்சுது. அழுத்தலைன்னா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்ப அடிக்கும், மொத்தம் பன்னெண்டு தடவை. அதுக்கும் அசையலைன்னா உன் போனுக்கு மணி அடிக்கும், நீயே அப்பாவைக் கூப்பிடுவ.

இதுக்கு எவ்வளவு ஆகும்னு நான் கேட்டப்போ நீ சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். படிக்காத என்னைப் படி எண்ண வெச்சவ நீ. மிஷின் நம்மளது இல்ல, கிளவுட் கம்பெனியோடது, அதான் மேகத்துக்காரனோடது. நாம வாங்க வேண்டாம், துடைக்க வேண்டாம், கெட்டா ரிப்பேர் பண்ண வேண்டாம். அவன் மாச வாடகையும் கேக்க மாட்டான். புரோகிராம் செய்யிற ஒவ்வொரு சின்ன வேலையும் ஒரு படி, எத்தனை படி ஓடுச்சோ அத்தனைக்கு மட்டும் காசு. அம்மா தில்ஷாத் அக்காகிட்டேருந்து வாங்கிட்டு வந்து தைக்கிற ஷூ மேல்தோல் அப்பர் மாதிரி, ஜோடிக்கு இவ்வளவு, தைக்காத நாளைக்கு ஒண்ணும் கிடையாது. மாசத்துல முதல் சில ஆயிரம் படி இலவசம். அதுக்கு மேல போனா, தனக்குள்ளயே செய்யிற படிக்கு ஒரு ரேட், வெளிய போய் இன்னொருத்தன் கதவைத் தட்டுற படிக்கு ஜாஸ்தி ரேட். ஒரே ஒரு வித்தியாசம், அம்மா பிரிச்சுத் திரும்பத் தைச்சா ரெண்டாவது தடவைக்குக் கூலி கிடையாது. மேகத்துக்காரன் திரும்பச் செய்யிறதுக்கும் வாங்கிடுவான்.

ஆனா சும்மா காத்திருக்குற நேரத்துக்கு மட்டும் அவன் காசு வாங்குறதில்ல. அதுலதான் நீ அவசரத்துல கோட்டை விட்டுட்ட. அழுத்துற வரைக்கும் சும்மா இருன்னு எழுதாம, ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை வெளிய போய் அழுத்தியாச்சா அழுத்தியாச்சான்னு கேக்குற மாதிரி எழுதிட்ட. ஒரு தடவை மணி அடிச்சா பத்து நிமிஷத்துல முந்நூறு தடவை. பன்னெண்டு தடவையும் அடிச்சா மூவாயிரத்து அறுநூறு. மாசத்துக்கு லட்சம் தாண்டிடும். நேரம் கிடைச்சா மாத்துறேன்னு சொன்ன. புது வேலையில உனக்கு எங்க நேரம்.

ஜூலை மாச பில் வந்தப்போ நம்ம குரூப்ல போட்ட: அப்பா, முதல் மணியிலேயே அழுத்துங்க, நீங்க அசமந்தமா இருந்ததுக்கு இருநூத்தி நாப்பது ரூபா ஆயிருக்கு. கூடவே அஞ்சாறு சிரிக்கிற மூஞ்சி. நீ விளையாட்டுக்குத்தான் போட்ட. எனக்கும் தெரியும். ஆனா சிக்கன நடவடிக்கை மந்திரியா அன்னிக்கே நான் பதவி ஏத்துக்கிட்டேன். ஆகஸ்ட் பில் அறுபத்திரெண்டு ரூபா. செப்டம்பர்ல சைபர். எங்க அப்பா திருந்திட்டாருன்னு நீ இதயம் இதயமா போட்ட. பள்ளிக்கூடத்துல நான் இதைச் சொல்லாத ஆளே இல்ல. ஜெர்மனி என்ஜினியரால முடியாததை ஆம்பூர் என்ஜினியர் ஒரே விரல்ல முடிச்சான்னு. கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது உன்கிட்டயும் சொல்லி, கமிஷன் வாங்கலாம்னு இருந்தேன்.

அக்கா, அந்த விரல் என்னோடது.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதியிலேருந்து ஆறு மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே அப்பா போனைச் சார்ஜ் போடுற சாக்குல உள்ள எடுத்துட்டுப் போய்டுவேன். முதல் மணியிலேயே ஒன்றை அழுத்திடுவேன். அம்மா அந்த நேரத்துக்குத் தைச்ச ஜோடியை ஒப்படைக்கப் போயிருப்பாங்க, வர எட்டரை ஆகும். வந்து உன் பச்சை டிக்கைப் பார்த்துட்டு நிம்மதியா இருப்பாங்க. அழுத்திட்டு அப்பாகிட்ட போய் மாத்திரை போடுங்கன்னு சொல்லணும், அதுதான் திட்டம். முதல் வாரம் சொன்னேன். அப்புறம் சில நாள் சொன்னேன். அப்புறம் கிரவுண்டுக்குப் போற அவசரம்.

இன்னொண்ணு இருக்கு. அது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிஞ்சும் செஞ்சேன்.

அப்பா அசமந்தம் இல்லக்கா. அவர் மறக்கவே இல்ல. வேலையிலேருந்து வந்து டீயை வெச்சிட்டு, போனை எதிர்ல வெச்சிட்டு உக்காந்திருப்பாரு. மணி அடிக்கும், பார்த்துட்டே இருப்பாரு. அழுத்துங்கப்பான்னா, இருடா, பன்னெண்டு அடிச்சா அவளே வருவாம்பாரு. எட்டு மணிக்கு நீ ஆபீஸ்லேருந்து வெளிய வந்து கூப்பிடுவ. அறிவிருக்கா உங்களுக்குன்னு திட்டுவ. போடுங்க இப்பவே, வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்கன்னு அதட்டுவ. அவர் ஸ்கூல் பையன் மாதிரி ஆ காட்டுவாரு. மொத்தம் நாலு நிமிஷம். ஞாயித்துக்கிழமை நீ கூப்பிட்டா அம்மாவே எல்லாத்தையும் பேசிடுவாங்க, அவருக்குச் சாப்பிட்டியாம்மா மட்டும்தான் மிஞ்சும். இந்த நாலு நிமிஷம் அவருடையது. அதுக்காகத்தான் அந்த லட்சம் படியும் ஓடுச்சு.

நான் அழுத்தின பிறகு எட்டு மணிக்கு நீ கூப்பிடுறது நின்னு போச்சு. அப்பா மாத்திரை ஸ்ட்ரிப்பைக் கையில வெச்சிட்டு உக்காந்திருப்பாரு. அவ கூப்பிடட்டும், போட்டுக்குறேன்னு சொல்லுவாரு. ஒரு நாள், இன்னாடா உங்க அக்கா மணி இப்பல்லாம் ஒரு தடவைதான் அடிக்குதுன்னு கேட்டாரு. அக்காவுக்கு வேலை ஜாஸ்திப்பா, நம்மளைப் பேஜார் பண்ண வேண்டாம்னு மாத்திட்டாங்கன்னேன். அப்படியா, பாவம், அவளைத் தொந்தரவு பண்ணாதன்னாரு. பல நாள் தானாவே போட்டுக்கிட்டாரு. சில நாள் காத்திருந்து காத்திருந்து, அப்படியே ஸ்ட்ரிப்பைத் திருப்பி வெச்சிட்டுப் படுத்துட்டாரு.

எத்தனை நாள்னு எனக்குச் சரியாத் தெரியும். அக்டோபர் ஒன்பதாம் தேதி அப்பா பாத்ரூம் வாசல்ல விழுந்து, அமீர் பாய் ஆட்டோ பிடிச்சு வேலூருக்குக் கொண்டு போனப்போ, மருந்துச் சீட்டு எடுக்க என்னைத்தான் வீட்டுக்கு அனுப்பினாங்க. ஸ்ட்ரிப்ல இருந்த மாத்திரையை எண்ணினேன். முடிஞ்சிருக்க வேண்டியதுல இருபத்திமூணு மீதி இருந்துச்சு. அம்மா கண்ணுல படக் கூடாதுன்னு என் ஜியாமெட்ரி பாக்ஸ்ல போட்டு மூடிட்டேன். இன்னும் அங்கதான் இருக்கு.

ஆஸ்பத்திரியில டாக்டர் உன் டிக்கெல்லாம் பார்த்துட்டு, தினமும் போட்டும் இப்படின்னா அளவை ஏத்தணும் போலிருக்கேன்னாரு. அளவு ஏறினா ரத்தம் கசிஞ்சுடும்னு எனக்குத் தெரியும். அம்மா காபி வாங்கப் போன நேரம் பார்த்து அவர் பின்னாடியே ஓடிப் போய் சொல்லிட்டேன். அவர் திட்டல. எத்தனை நாள்னு கேட்டு எழுதிக்கிட்டாரு. வீட்ல சொல்லிட்டியா தம்பின்னாரு. சொல்லிட்டேன் சார்னு பொய் சொன்னேன்.

அப்பாகிட்ட போன வாரம் சொன்னேன், யாரும் இல்லாத நேரத்துல. இப்போ அவருக்கு வர்றது ஒரே ஒரு வார்த்தை, சரி. பசிச்சாலும் சரி, வலிச்சாலும் சரி, வேண்டாம்னாலும் சரி. நான் எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன். சரின்னாரு. அதை மன்னிப்புன்னு நான் எடுத்துக்க முடியாதுக்கா. நீயே சொல்லு, எடுத்துக்கலாமா?

உன் புரோகிராம் பொய் சொல்லல. அழுத்தினாங்களான்னு கேட்டுச்சு, அழுத்தினாங்க. யார் அழுத்தினதுன்னு கேக்க அதுக்குத் தெரியாது. கொஞ்சம் காசை வீணாக்கினாலும் அப்பாவை அது ஒழுங்காத்தான் பார்த்துக்கிச்சு. மாசம் இருநூத்தி நாப்பது ரூபா மிச்சம் பிடிக்கிறேன்னு கெடுத்தது நான். அதனால அந்த ராஜினாமா லெட்டரைக் குடுக்காத. அப்பாவைப் பார்க்கணும்னு வா, தாராளமா வா. உன் தப்புன்னு நினைச்சு வராத.

நான் பெரிய தைரியசாலின்னு உனக்கு எத்தனை கதை விட்டிருக்கேன், ஹெட்மாஸ்டர் பைக் சாவியை ஒளிச்சு வெச்சதுலேருந்து. அதெல்லாம் வெத்து வேட்டு. அம்மாகிட்ட இதைச் சொல்ல ஒரு மாசமா எனக்கு வாய் வரல. இதைப் படிச்சதும் என்னைத் திட்டு, எவ்வளவு வேணும்னாலும் திட்டு. திட்டி முடிச்சிட்டு, ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு நாங்க வீட்டுக்கு வந்ததும் கூப்பிடு. நீ லைன்ல இருந்தா அம்மாகிட்ட சொல்லிடுவேன். நீ ஒண்ணும் பேச வேண்டாம். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கட் பண்ணாம இருந்தா போதும்.

கர்த்தர் உன்னை அந்தக் குளிர்ல பத்திரமா வெச்சிருக்கணும். எனக்காக நீ எதுவும் ஜெபிக்க வேண்டாம், என் கதையை நானே அவர்கிட்ட சொல்லிக்கிறேன்.

உன் தம்பி,
ஜோசுவா